மடங்கலைன்னா அது மடக்கு சைக்கிளே இல்ல சாமி!

மடக்கு சைக்கிள் வாங்கினவங்களுக்கு நம்ம ஆளுங்க எழுதுற அறிவுரை எல்லாமே ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்கு. "வாங்கிட்டீங்களா, வாழ்த்துகள்! இனிமே சீட் போஸ்டை மாத்துங்க, கிராங்க் மாத்துங்க, டிஸ்க் பிரேக் போடுங்க, முன்னாடி ஷாக் அப்சார்பர் போடுங்க, போனுக்கு ஒரு கிளிப், பாட்டிலுக்கு ரெண்டு கூடு, ஹேண்டில் பாருக்குக் கொம்பு..." லண்டன்லயும் தைபேலயும் வழவழ ரோட்டுல ஓட்டுறவர் போட்ட பட்டியலை அப்படியே இறக்குமதி பண்ணி, கடைசில "உங்கள் அனுபவத்தையும் பகிருங்கள்"னு ஒரு வரி. முடிஞ்சது பதிவு.

நான் மாதவரத்துக்காரன். இந்தப் பட்டியலை எடுத்துட்டு மூலக்கடையில இருந்து மணலி வரைக்கும் ஒரு தடவை ஓட்டிக் காட்டுங்க சாமிகளா. அப்புறம் பேசலாம் :-)

என் கட்சியை முதல்லயே சொல்லிடறேன். மடக்கு சைக்கிள்ல எந்த சாமானை மாட்டுறதா இருந்தாலும் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான். இதை மாட்டின பிறகு நான் இந்த வண்டியை இப்ப மடக்குற மாதிரியே மடக்குவேனா, இல்ல "அட, இன்னைக்கு வேணாம்"னு அப்படியே ஓட்டிட்டுப் போவேனா? ரெண்டாவதுதான் பதில்னா அது அப்கிரேடு இல்ல. காசு கொடுத்து வண்டியைக் கெடுத்துக்கறது.

மடக்குறது எதுக்கு?

"பீரோ பக்கத்துல வைக்கலாம், கார் டிக்கில போடலாம்"னு நிறைய பேர் நினைச்சுக்கிட்டிருக்காங்க. அதெல்லாம் சரிதான். ஆனா எங்க ஏரியாவுல மடக்குறதுக்குக் காரணம் வேற.

தெக்கால சென்னைத் துறைமுகம். வடக்கால எண்ணூர்ல 2001-ல ஆரம்பிச்ச காமராஜர் துறைமுகம், அதுக்கும் மேல காட்டுப்பள்ளி. நடுவுல மாதவரம், மாத்தூர், மணலி, திருவொற்றியூர்னு எங்க பார்த்தாலும் கன்டெய்னர் யார்டு. மாதவரத்துல லாரிகளுக்குன்னே தனியா ஒரு முனையம் இருக்கு. இத்தனையையும் இணைக்கிறது சில ரோடுங்கதான். அதுல 20 அடி, 40 அடி பெட்டியை ஏத்திக்கிட்டு ட்ரெய்லர் லாரிங்க ராப்பகலா ஓடுது.

ட்ரெய்லர் டிரைவர் இருக்கிற உயரத்துல இருந்து அவரோட இடது பக்கம், கேபினை ஒட்டி நிக்கிற சைக்கிள்காரன் தெரியவே மாட்டான். அவர் இடது பக்கம் திரும்பும்போது முன்சக்கரம் போன வழியில பின்சக்கரம் போகாது, உள்பக்கமா வெட்டிக்கிட்டு வரும். சிக்னல்ல "இடது ஓரமா நிக்கிறேனே, பத்திரம்தானே"ன்னு நினைக்கிறவன் நிக்கிற இடம்தான் இருக்கிறதுலயே மோசமான இடம். இதுல டைட்டானியம் சீட் போஸ்ட் என்ன பண்ணும்? ஆயிரம் லூமன் லைட்டுதான் என்ன பண்ணும்? கண்ணுக்கே தெரியாத இடத்துல நின்னுக்கிட்டு லைட்டு அடிச்சா யாருக்குத் தெரியும்?

அந்த நேரத்துல சாதா சைக்கிள்காரனுக்கு ரெண்டே வழி. ஓட்டணும், இல்லாட்டி இறங்கித் தள்ளணும். மடக்கு சைக்கிள்காரனுக்கு மூணாவது ஒண்ணு இருக்கு. ஓரமா நிறுத்தி, மடக்கி, ஷேர் ஆட்டோவுலயோ ரயில்லயோ ஏறி, அந்த மூணு கிலோமீட்டரைத் தாண்டி இறங்கி, மறுபடி விரிச்சு ஓட்டலாம். அந்த மூணாவது வழிக்குத்தான் கூட காசு கொடுத்து, சின்ன சக்கரத்தையும் கூடுதல் குலுங்கலையும் சகிச்சுக்கிட்டு இதை வாங்கறோம். அதையே அடைச்சுட்டா, உங்ககிட்ட மிச்சம் இருக்கிறது சுமாரா ஓடுற ஒரு குட்டி சைக்கிள். அதுக்கு அம்பத்தூர் டிஐ கம்பெனி ஹெர்குலஸே தேவலாமே, விலையும் கம்மி.

இது புது ஞானம் ஒண்ணும் இல்ல. 1940-கள்ல, ரெண்டாம் உலகப் போர்ல, பாராசூட் வீரர்களுக்காக இங்கிலாந்துல பிஎஸ்ஏ கம்பெனி ஒரு மடக்கு சைக்கிள் பண்ணாங்க. நம்ம ஊர்ல லேடி பேர்டு மேல ஒட்டியிருக்குமே, அதே பிஎஸ்ஏ. நடுவுல ரெண்டு கீல், கையால திருகுற மரை. அவ்வளவுதான். வானத்துல இருந்து குதிக்கிறவனுக்குத் தேவை, கீழ வந்ததும் சட்டுனு விரியணும், ஓடணும். மத்ததெல்லாம் அவனுக்குச் சுமை. நமக்கும் கணக்கு அதேதான். வானத்துக்குப் பதிலா ஷேர் ஆட்டோ.

அளவு நாடாவை எடுங்க

பெங்களூரு மெட்ரோவுல 2022 ஜூன்ல மடக்கு சைக்கிளைக் கொண்டு போகலாம்னு அறிவிச்சாங்க. நம்ம ஆளுங்க கொண்டாடினாங்க. நிபந்தனையை எத்தனை பேர் படிச்சீங்கன்னு தெரியல. 60-க்கு 45-க்கு 25 சென்டிமீட்டர், எடை 15 கிலோவுக்குள்ள, கடைசிப் பெட்டி.

இப்ப கணக்குப் போடுவோம். நம்ம ஊர்ல அதிகமா விக்கிறது 20 அங்குல சக்கரம். அதோட ரிம் அளவு 406 மில்லிமீட்டர். அதுல 1.75 அங்குல டயர் மாட்டினா மேலயும் கீழயும் நாலரை சென்டிமீட்டர் சேரும். மொத்தம் 49 சென்டிமீட்டருக்கு மேல. சக்கரம் வட்டம், எந்தப் பக்கம் திருப்பினாலும் அதே 49 தான். 60 பக்கம் நுழையும், 45 பக்கம் நுழையாது. அதாவது எழுத்துப்படி பார்த்தா சக்கரமே உள்ள போகாது, சைக்கிள் எங்க போக? மடக்குறதுல மன்னன்னு சொல்ற பிராம்டன், 16 அங்குல சக்கரம், அதுவே மடக்கினா நீளம் அகலம் ரெண்டுமே 50 சென்டிமீட்டரைத் தாண்டும்.

விதி அப்படி எழுதினவங்களைத் திட்டறது தனிப் பதிவு. நான் சொல்ல வந்தது, அளவுங்கிறது இங்க சென்டிமீட்டர் சண்டை. மாதவரம் பால்பண்ணையில இருந்து சிறுசேரி சிப்காட்டுக்கு ஒண்ணு, மாதவரத்துல இருந்து சோழிங்கநல்லூருக்கு இன்னொண்ணுன்னு சென்னை மெட்ரோவோட ரெண்டாம் கட்டத்துல எங்களுக்கு ரெண்டு வழித்தடம் எழுதியிருக்கு. நாளைக்கு அதுல ஏத்துறாங்களா இல்லையாங்கிற பேச்சு வரும்போது, உங்க வண்டி மடங்கினப்புறம் கொம்பு, கண்ணாடி, கூடைன்னு நாலாபக்கமும் துருத்திக்கிட்டு நின்னா யார் உங்களுக்காகப் பேசுவாங்க?

வீட்லயே ஒரு வேலை பண்ணுங்க. வண்டியை மடக்கி நீளம், அகலம், உயரம் அளந்து எழுதி வைங்க. தூக்கிப் பிடிச்சு வீட்டு எடை மெஷின்ல ஏறி, உங்க எடையைக் கழிங்க. புதுசா ஒரு சாமான் மாட்டினதும் மறுபடி அளங்க. வித்தியாசம்தான் அந்த சாமானோட உண்மையான விலை. கடைக்காரர் ஒட்டியிருக்கிறது பாதி விலைதான்.

காசு போட வேண்டிய இடம்

எதுவுமே வேணாம்னு சொல்ற கட்சி இல்ல நான். அது இன்னொரு மூடநம்பிக்கை. வரிசையா சொல்றேன், இந்த வரிசையிலதான் செலவு பண்ணணும்.

1. டயர். சின்ன சக்கரம் பள்ளத்துல முழுசா இறங்கும். 28 அங்குல சக்கரம் தாண்டிப் போற குழியில 20 அங்குலம் விழுந்து எழுந்திருக்கும். அதனால வண்டி இடம் கொடுக்கிற வரைக்கும் அகலமான டயர், 1.75 அல்லது 2 அங்குலம். உள்ள பஞ்சர் தடுக்கிற பட்டை இருந்தா இன்னும் நல்லது. லாரி போற ரோட்டோரம் கம்பித்துண்டுக்கும் போல்ட்டுக்கும் பஞ்சமே இல்ல. ஒரே எச்சரிக்கை: "20 அங்குலம்"னு சொல்லி ரெண்டு அளவு விக்கிறாங்க. 406 ஒண்ணு, 451 இன்னொண்ணு. ஒண்ணோட டயர் இன்னொண்ணுல ஏறவே ஏறாது. 16 அங்குலத்துலயும் இதே கதை, 305, 349. பழைய டயரோட பக்கவாட்டுல 47-406 மாதிரி எண் அச்சடிச்சிருக்கும். அதைப் பார்த்து வாங்குங்க, கடைக்காரர் வாய்மொழியைக் கேட்டு வாங்காதீங்க. 20க்கு 1.75, 406 அளவுன்னா பசங்க சைக்கிள் டயரும் அதேதான். அவசரத்துக்கு எந்தக் கடையிலயும் கிடைக்கும். 451-ஐத் தேடி நீங்க பாரிமுனைக்குப் போகணும், அங்கயும் கிடைக்கணும்.

2. காத்து. சிரிக்காதீங்க. காத்து கம்மியா ஓட்டினா பள்ளத்துல ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவுல டியூப் நசுங்கி, பக்கத்துப் பக்கத்துல ரெண்டு ஓட்டை விழும். மீட்டர் வெச்ச ஒரு நல்ல பம்பு வாங்குங்க. டயர்ல எழுதியிருக்கிற எல்லைக்குள்ள, இந்த அகலத்துக்கு சுமார் 45-ல இருந்து 60 பவுண்டு வரைக்கும் உங்க எடைக்குத் தகுந்த மாதிரி. வாரம் ஒரு தடவை. வால்வு விஷயத்துல ஸ்டைல் வேணாம். நம்ம ஊர் வால் டியூப் போட்டதோ, பைக்ல இருக்கிற மாதிரி வால்வோ இருந்தா, முக்குல இருக்கிற பஞ்சர் கடையில காத்தடிக்கலாம், பைக் வால்வுன்னா பெட்ரோல் பங்க்லயும் அடிக்கலாம். ஒல்லியா, நீட்டமா இருக்குமே ரேஸ் சைக்கிள் வால்வு, அதை வெச்சுக்கிட்டு ராத்திரி ஒன்பது மணிக்கு மாத்தூர்ல நின்னீங்கன்னா உங்களுக்கு நீங்களேதான் துணை.

3. பிரேக். விலை கம்மியான மடக்கு சைக்கிள் பலதுல பளபளன்னு இரும்பு ரிம் வரும். மழைத்தண்ணி பட்டா அதுல பிரேக் கட்டை வழுக்கிக்கிட்டே போகும். அலுமினிய ரிம்முல அந்த ஆபத்து ரொம்பக் கம்மி. வாங்கும்போதே அலுமினிய ரிம் பார்த்து வாங்குங்க. ஏற்கெனவே இரும்பா இருந்தா, நீங்க பண்ண வேண்டிய முதல் பெரிய செலவு அதுதான். அப்புறம் நல்ல பிரேக் கட்டை. அதுக்கப்புறம் யாருமே பேசாத ஒண்ணு, பிரேக் கம்பி. மடக்கு சைக்கிள்ல ஒவ்வொரு தடவை மடக்கும்போதும் கீல் பக்கத்துல கம்பியும் அதோட உறையும் வளைஞ்சு நிமிருது. சாதா சைக்கிள்ல கம்பிக்கு இந்தத் தண்டனை கிடையாது. உள்ளுக்குள்ள இழை இழையா அறுந்துக்கிட்டே வரும், வெளிய தெரியாது. வருஷத்துக்கு ஒரு தடவை மாத்திடுங்க. மொத்தப் பட்டியல்லயே குறைஞ்ச செலவு இதுதான், உயிர் தொங்குறதும் இதுலதான்.

4. கீல். நடுவுல இருக்கிற பூட்டும் ஹேண்டில் தண்டோட பூட்டும் கொஞ்சம் பலம் கொடுத்து அமுக்கினாத்தான் மூடணும். ஒரு விரலால மூடிச்சுன்னா தளர்ந்திருக்குன்னு அர்த்தம். முன் பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டு வண்டியை முன்னாடியும் பின்னாடியும் ஆட்டிப் பாருங்க. கடகடன்னு சத்தம் வந்தா அன்னைக்கு ஓட்டக்கூடாது. இதுக்குத் தேவை ஒரு சாவி, கொஞ்சம் கிரீஸ். கடல் காத்தும் கரித்தூளும் கலந்து அடிக்கிற எண்ணூர் பக்கம் போய் வர்றவங்க மாசத்துக்கு ஒரு தடவை கீல் ஊசியைத் துடைச்சு கிரீஸ் வைங்க.

5. மட்கார்டு. ரெண்டு பக்கமும், அடியில நீட்டமா ரப்பர் வெச்சது. இந்த ஊர் மழைத்தண்ணியில என்னென்ன கலந்திருக்குன்னு நான் சொல்லி உங்க சாப்பாட்டைக் கெடுக்க விரும்பல. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வெள்ளத்தோட எண்ணூர் முகத்துவாரத்துல எண்ணெய் பரவினதைப் பார்த்தவங்களுக்குத் தெரியும். முதுகுல கோடு விழறதை விடுங்க. சின்ன சக்கர வண்டியில செயினும் கியர் கையும் தரைக்கு ரொம்பக் கிட்ட தொங்குது. சேறு மொத்தமும் அங்கதான் போய் உக்காரும். மட்கார்டு போட்டா செயினோட ஆயுசும் கூடும்.

6. லைட், பெல். பின்னாடி சிவப்பு, முன்னாடி வெள்ளை. லைட்டை ஃபிரேம்லயோ சீட்டுக்கு அடியிலயோ மாட்டுங்க, மடக்கும்போது இடிக்காத இடமா பார்த்து. ட்ரெய்லர் பக்கத்துல இது காப்பாத்தாதுன்னு மேல சொன்னேன். ஆனா பின்னாடி வர்ற பைக், கார், வேன் எல்லாத்துக்கும் இது வேணும். பிரதிபலிக்கிற ஸ்டிக்கர் கணுக்கால்ல, பெடல்ல ஒட்டினா இன்னும் நல்லது. ஏறி இறங்குற பொருள் சட்டுனு கண்ணுல படும்.

7. பை. ஹேண்டில் பார்ல மாட்டுற பை வேணவே வேணாம். மடக்கு சைக்கிளோட ஹேண்டில் தண்டு நீளம். அதோட நுனியில அஞ்சு கிலோவைத் தொங்கவிட்டா அந்த பாரம் முழுக்கக் கீழ இருக்கிற கீலுக்குத்தான் போகும். பிராம்டனை 1970-கள்ல உருவாக்கின ஆண்ட்ரூ ரிச்சி இதை யோசிச்சிருக்கார். அதுல முன்பக்கப் பை ஹேண்டில் மேல உக்காராது, ஃபிரேம் மேல மாட்டுற கட்டையில உக்காரும். ஹேண்டில் திரும்பினாலும் பை திரும்பாது, பாரமும் தண்டுக்குப் போகாது. டேஹோன்ல, டெர்ன்ல பல மாடல்ல முன்பக்கம் அதுக்கான ஓட்டை வெச்சே வருது. அது இல்லாதவங்களுக்கு முதுகுப்பை போதும். பின்னாடி கேரியர் போட்டா, பக்கவாட்டுப் பையில குதிங்கால் இடிக்குதான்னு பார்த்துட்டு வாங்குங்க. குட்டி வண்டியில அங்க இடம் ரொம்பக் கம்மி.

8. சாக்கு. ஆமா, சாக்குதான். மடக்கின வண்டியை மூடுற ஒரு பெரிய துணிப்பை. கம்பெனிப் பை வேணாம், பை தைக்கிற கடையில அளவு கொடுத்துத் தைங்க. செயின் எண்ணெய் அடுத்தவர் வேட்டியில படாது. "சைக்கிள் ஏத்தக்கூடாது"ன்னு சொல்ல வாயெடுக்கிறவர் "ஏதோ மூட்டை"ன்னு விட்டுடுவார். பூட்டுக்குப் போடுற காசையும் இதுலயே போடுங்க. மடக்கு சைக்கிளுக்கு நல்ல பூட்டுன்னு ஒண்ணு இல்ல, கூடவே உள்ள எடுத்துட்டுப் போறதுதான் பூட்டு.

அவ்வளவுதாங்க பட்டியல். இதுல ஒண்ணுகூட போட்டோவுல அழகா வராது. அதனாலதான் யாரும் எழுதறதில்லையோ என்னவோ.

தெண்டச் செலவு

டிஸ்க் பிரேக்கை மாட்டிக்கறது. ஃபிரேம்லயும் ஃபோர்க்லயும் அதுக்கான காது இல்லாம மாட்ட முடியாது. ஃபோர்க்கையே மாத்தலாம்னா, பல மடக்கு சைக்கிள்ல முன்சக்கர இடைவெளி 74 மில்லிமீட்டர், சாதா சைக்கிளுக்கு 100. கடையில கிடைக்கிற ஹப் எதுவும் உக்காராது. எல்லாம் பண்ணி முடிச்சு மடக்கினா, தகடு எங்கயாவது இடிச்சு வளையும், அப்புறம் காலத்துக்கும் சர்ர் சர்ர்னு சத்தம். டிஸ்க்கோடவே வர்ற வண்டியா இருந்தா வாங்கிக்கங்க, அது வேற கதை.

கியரைக் கூட்டறது. ஆறு கியர் வண்டியை ஒன்பது ஆக்கினேன்னு பெருமை. கணக்குப் பார்ப்போம். முன்னாடி 52 பல், பின்னாடி சின்னது 14, பெருசு 28. சக்கரச் சுற்றளவு சுமார் ஒன்றரை மீட்டர். சின்ன பல்லுல ஒரு மிதிக்கு ஐந்தரை மீட்டர் போகும். நிமிஷத்துக்கு 60 மிதி மிதிச்சா மணிக்கு 20 கிலோமீட்டர். மாதவரத்துல 20 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல எங்க போகப் போறீங்க? பெரிய பல்லுல ஒரு மிதிக்கு மூணு மீட்டருக்கும் கம்மி. எங்க ஏரியாவுல மலைன்னு சொன்னா அது மூலக்கடை மேம்பாலம்தான். அதுக்கு அது தாராளம். மிச்ச மூணு கியர் யாருக்கு?

எடையைக் குறைக்கறது. பிராம்டன்காரங்க 2022-ல டைட்டானியத்துல ஒண்ணு கொண்டு வந்தாங்க, சுமார் ஏழரை கிலோ. மொத்தமா நாலு கிலோ குறையுதுன்னா கைக்குத் தெரியும், ஒத்துக்கறேன். ஆனா பதினாலு கிலோ வண்டியில சீட் போஸ்டை மாத்தி இருநூறு முந்நூறு கிராம் குறைச்சா, அது நீங்க குடிக்காம கொண்டு போற தண்ணி பாட்டில்ல பாதி. பாட்டிலைக் காலி பண்ணுங்க, இலவசம்.

ஷாக் அப்சார்பர். விலை கம்மியான முன் ஷாக் எடையைக் கூட்டும், மிதிக்கிற பலத்தைக் கொஞ்சம் தின்னும், ஆறே மாசத்துல துருப்பிடிச்சு இறுகி வெறும் கம்பியா நிக்கும். சீட்டுக்கு அடியில போடற ஷாக் தண்டு இன்னொரு வம்பு. மடக்கும்போது சீட் முழுசா கீழ இறங்காது. இதுங்க செய்யற வேலையை ரெண்டு அங்குல டயர் சத்தமில்லாம செய்யும்.

மோட்டார் கிட். 250 வாட்டுக்குள்ள, 25 கிலோமீட்டர் வேகத்துக்குள்ள இருந்தா பதிவு வேணாம்னு சட்டம் சொல்லுது, சரி. மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்து அஞ்சு கிலோவுக்கு மேல. 14 கிலோ வண்டி 19 ஆகும். அதைத் தூக்கிக்கிட்டு ஸ்டேஷன் படி ஏறிப் பாருங்க. ரெண்டாவது நாள் மடக்க மாட்டீங்க. மூணாவது நாள் ட்ரெய்லருக்குப் பக்கத்துல நிப்பீங்க. முட்டி வலி இருக்கிறவங்க, வயசானவங்களுக்கு இது வேணும்னா, முதல்லயே எலெக்ட்ரிக் சைக்கிள் வாங்கிடுங்க. மடக்குறதை மறந்துடுங்க.

"உனக்கென்ன, என் காசு!"

இந்தப் பின்னூட்டம் வரும்னு தெரியும். உங்க காசுதான் அண்ணாச்சி. பொழுதுபோக்குக்காக பார்ட் பார்ட்டா மாத்தி அழகு பார்க்கிறது தப்பே இல்ல. மீன் வளர்க்கிறவங்க தொட்டிக்குக் கல்லு வாங்கறது மாதிரி. "என் ஆசைக்குப் பண்ணேன்"னு எழுதுங்க, நானே வந்து படம் நல்லாருக்குன்னு சொல்லிட்டுப் போறேன். "இதெல்லாம் அவசியம்"னு எழுதும்போதுதான் இடிக்குது. அதைப் படிக்கிறவன் ஒரு குடோன்ல கணக்கு எழுதறவனா இருப்பான். பஸ்ஸுக்குக் காத்திருக்க முடியாம பத்துப் பன்னெண்டாயிரம் சேர்த்து ஒண்ணு வாங்கியிருப்பான். உங்க பட்டியலைப் பார்த்து இன்னும் எட்டாயிரம் சேர்த்து டிஸ்க் கிட் வாங்குவான். அதே நேரம் பிரேக் கம்பி உள்ளுக்குள்ள அறுந்துக்கிட்டிருக்கும். அதைப் பத்தி நீங்க ஒரு வரி எழுதல.

"முதல்லயே நல்ல வண்டியா வாங்கிட்டா அப்கிரேடே வேணாமே"ன்னு இன்னொரு கோஷ்டி. பாதி நியாயம். நல்ல கீல், அலுமினிய ரிம், 406 சக்கரம், இந்த மூணும் இருக்கிற வண்டியை வாங்குங்க, அதை நானும் சொல்றேன். ஆனா லட்ச ரூபாய் வண்டியை யாரும் மூலக்கடை பஞ்சர் கடையில தைரியமா விட மாட்டாங்க. அங்க விட முடியாத வண்டி எங்க ஊர் வண்டி இல்ல. கோட்டம் எடுக்கவும் ஓவராயில் பண்ணவும் தெரிஞ்ச ஒரு ஆள் பக்கத்துத் தெருவுல இருக்கிறதை விடப் பெரிய ஆக்சசரி கிடையாது. அவருக்குப் புரியற சாமானா வாங்கி மாட்டுங்க.

"எல்லாம் ரோடு சரியில்லாததுதான் காரணம்"னு சொல்றவங்களுக்கு, ஆமாம். மாதவரம் 2011-ல சென்னை மாநகராட்சியில சேர்ந்துச்சு. 2014-ல அதே மாநகராட்சி, நடக்கிறவங்களுக்கும் சைக்கிள்ல போறவங்களுக்கும்னு ஒரு கொள்கையே ஏத்துக்கிட்டு, போக்குவரத்துக்குச் செலவழிக்கிறதுல குறைஞ்சது 60 சதவீதம் அதுக்குத்தான்னு எழுதி வெச்சாங்க. ஜி.என்.டி. ரோட்டுல நின்னு அந்த 60 சதவீதத்தைத் தேடிப் பாருங்க. சைக்கிளுக்கு நாம போடுற எந்த சாமானையும் விட, ட்ரெய்லரையும் சைக்கிளையும் பிரிக்கிற ஒரு முழ உயரக் கட்டைதான் பெரிய அப்கிரேடு. அதைக் கடையில விக்கறதில்ல, கேட்டு வாங்கணும். ஹேண்டில் பார் கைப்பிடிக்கு எட்டுப் பதிவு எழுதற நாம, இதுக்கு வார்டு கவுன்சிலருக்கு ஒரு கடுதாசி எழுதினோமா?

கட்டை வர்ற வரைக்கும் நம்ம கையில இருக்கிறது அந்தக் கீல்தான். பயமா இருக்கிற இடத்துல கௌரவம் பார்க்காம இறங்கி, மடக்கி, ஏறிப் போய்ட்டே இருங்க. அதுக்குத் தடையா வண்டியில என்னென்ன தொங்குதோ, இந்த ஞாயித்துக்கிழமை ஒரு ஸ்பேனரை எடுத்து ஒவ்வொண்ணா கழட்டுங்க. கழட்டின கையோட பிரேக் கம்பியையும் ஒரு பார்வை பார்த்துடுங்க.

டிஸ்கி: டிஸ்க் பிரேக் ரசிகர்கள் வந்து கும்மலாம், வரவேற்கிறேன். ஒரே நிபந்தனை, மடக்கின நிலையில வண்டியோட நீளம், அகலம், உயரம், எடை நாலையும் பின்னூட்டத்துல முதல் வரியா போட்டுட்டு ஆரம்பிங்க :-)